மெர்ல் ஸ்டென்ஸ்ரூட் திட்டித் தீர்த்த தோட்டா

பெல் கூலி என்ற எங்கள் வட்டாரத்தின் ஜல்லிச் சாலைகளைச் சீவிச் சமன்படுத்தும் கிரேடர் வண்டியை ஓட்டியவர் மெர்ல் ஸ்டென்ஸ்ரூட். கோடையில் மேடு பள்ளம், குளிர்காலத்தில் பனி. மொண்டானாவில் இந்த வேலை பார்ப்பவருக்கு ஊர் முழுக்க நண்பர்கள். பனி விழுந்த மறுநாள் காலை மட்டும் ஊர் முழுக்க எதிரிகள். இருந்தாலும் பக்கத்து மாவட்டங்களில் மெர்ல் என்றால் யாரும் சாலையை நினைப்பதில்லை, தோட்டாவைத்தான் நினைப்பார்கள்.

எங்கள் பக்கம் கடையில் விற்கும் தோட்டாவே போதும் என்றிருப்பவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் சுட்ட கூட்டைப் பத்திரமாகப் பொறுக்கி வந்து, வீட்டிலேயே வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி நிரப்பிக்கொள்பவர்கள். அவர்களிலும் ஒரு சிறு கூட்டம் உண்டு. எந்தத் தொழிற்சாலையும் செய்யாத தோட்டாவைத் தாங்களே உண்டாக்கினால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். இருக்கிற பித்தளைக் கூடு ஒன்றை எடுத்து, குண்டைப் பிடிக்கும் குறுகிய கழுத்தை நெரித்து, கழுத்துக்குக் கீழே விரியும் தோளைத் தூக்கி, உயரத்தைக் குறைத்து, அதற்கேற்றபடி ஒரு துப்பாக்கியையும் குடைந்து, பிறகு அதற்குப் பெயரும் சூட்டிவிடுவார்கள். இப்படிப் பிறக்கும் தோட்டாவைக் காட்டுப்பூனை என்பார்கள். வளர்த்தவர் செத்தாலோ துப்பாக்கியை விற்றாலோ பூனை அநாதை. துப்பாக்கி கை மாறிக் கை மாறிச் சுற்றும். அதற்குள் என்ன போடுவதென்று வாங்கியவருக்குத் தெரியாது. தப்பானதைப் போட்டுச் சுட்டால் முகம் மிஞ்சாது.

அப்படிப்பட்ட அநாதைகளை அடையாளம் காண்பதுதான் மெர்லின் பைத்தியம். காப்பித்தூள் டப்பாவில் கலந்து கிடக்கும் பழைய தோட்டாக்களைக் கொண்டுவந்து என் காப்பிக் கடை மேசையில் கொட்டுவார்கள். அவர் காப்பியை ஓரமாகத் தள்ளிவிட்டு, சட்டைப்பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுப்பார். ஒருமுறை ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மாமா, சின்னத் தோட்டா ஒன்றைக் கழுத்து டையில் ஊசியாகக் குத்தியிருந்தார். பாதிரியார் ஆசீர்வதித்துக்கொண்டிருக்கும்போதே மெர்ல் அந்த மனிதரை டையோடு பிடித்து இழுத்து அளவெடுத்துவிட்டார். கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் அந்த மாமா கொஞ்சம் சாய்ந்தே நிற்கிறார்.

ஒரு கெட்ட பழக்கமும் இருந்தது. தோட்டாவை அடையாளம் கண்டதோடு விடமாட்டார். அதைக் கண்டுபிடித்தவனை உட்காரவைத்து அடிப்பது மாதிரி விமரிசனம் செய்வார். "இவனுக்கு அவசரம்", "இவன் பொண்டாட்டியோட சண்டை போட்டுட்டு வந்து செஞ்சிருக்கான்", "இவன் டெக்சாஸ்காரன், பெருசா இருந்தா நல்லதுன்னு நினைச்சிருக்கான்." எதிரே உட்கார்ந்திருக்கும் கோர்டி பாம்க்விஸ்ட்தான் இதற்கு எதிர்ப்பாட்டு. தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க ஒரே துப்பாக்கி, ஒரே ரகத் தோட்டா.

"ஏண்டா மெர்ல், கடையிலதான் அடுக்கி வச்சிருக்கானே, எடுத்துப் போட்டுச் சுடவேண்டியதுதானே? மானு வந்து உன்னைக் கேக்குதா, இது என்ன ரகம்னு?"

"நீ டின் சூப்பையே சூடு பண்ணிக் குடிச்சுட்டுச் செத்துப் போவ கோர்டி. சமையல்னா என்னன்னு உனக்குத் தெரியாது."

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு செப்டம்பர். பீட்ரூட் விவசாயம் பார்க்கும் டெனிஸ் க்ளாஸ்னர், நீளமான எதையோ போர்வையில் சுற்றிக்கொண்டு கடைக்குள் வந்தாள். ஒரு பண்ணை ஏலத்துக்குப் போயிருந்தாளாம். அவள் கண் வைத்தது பழங்களைப் புட்டியில் அடைத்துப் பதப்படுத்தும் பெரிய பிரஷர் குக்கர் மேல். ஏலக்காரன் அதோடு ஒற்றைச் செருப்பையும் இந்தத் துப்பாக்கியையும் சேர்த்துத் தள்ளிவிட்டான்.

"குக்கர் ஒழுகுது," என்றாள் டெனிஸ். "செருப்ப நாய் எடுத்துக்கிச்சு. இதுதான் மிச்சம். மெர்ல், இதுக்கு என்ன தோட்டான்னு பாத்துச் சொல்லுங்க. இந்த வருஷம் குலுக்கல்ல மான் வேட்டை அனுமதிச் சீட்டு எனக்கு விழுந்திருக்கு. அப்பாவோட பழைய துப்பாக்கி தம்பிகிட்ட போயிடுச்சு."

போர்வையைப் பிரித்ததும் கோர்டியே விசில் அடித்தார். பிடிக்கட்டை அப்படிப்பட்ட வால்நட் மரம். தேன் ஊற்றினாற்போல ரேகைகள். ஆனால் குழலை யாரோ நுனியில் வெட்டிக் குட்டையாக்கி, பக்கவாட்டில் இருந்த எழுத்தையெல்லாம் சுத்தமாக அராவிவிட்டு, மேலே இரும்புக்குப் போடும் நீல மெருகைப் புதிதாகப் பூசியிருந்தார்கள். கட்டையையும் இரும்பையும் பிசின் வைத்து ஒட்டித் தொலைத்திருந்ததால் பிரித்துப் பார்க்கவும் வழியில்லை.

"யாரும் கை வைக்காதீங்க," என்றார் மெர்ல். பிள்ளை பிறந்த வீட்டில் கூட அவர் இவ்வளவு மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை. "உள்ள போகுது, பூட்டிக்குதுன்னு எதையாவது போட்டுச் சுட்டுடாத டெனிஸ். நான் பாக்கறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்த கையோடு, வீட்டு அடுப்படியிலேயே வேலை ஆரம்பம். இதற்கென்றே விற்கும் ஓர் உலோகம் உண்டு. வெந்நீர்ச் சூட்டுக்கே உருகிவிடும். குழலை உள்ளே துணியால் அடைத்து, தோட்டா உட்காரும் அறைக்குள் அதை ஊற்றினார். ஆறியதும் தட்டினால், அறையின் உருவம் அப்படியே பளபளவென்று வெளியே வந்து விழும். அந்த வார்ப்பை வெர்னியரில் அளந்தார். அடிப்பாகத்தைப் பார்த்ததும் தாய்க் கூடு எதுவென்று தெரிந்துவிட்டது. ராணுவம் உபயோகித்த, ஊரெல்லாம் கிடைக்கிற முப்பதாம் நம்பர்க் கூடு. அதன் உயரத்தைக் குறைத்து, வாயை ஆறரை மில்லிமீட்டர் குண்டுக்கு, அதாவது அங்குலத்தில் நூற்றுக்கு இருபத்தாறு பங்குக்கு, சுருக்கியிருந்தான் எவனோ. அதுவரை சரி. தோளைப் பார்த்தபோதுதான் மெர்லுக்குக் கோபம் வந்தது.

திங்கட்கிழமை காலை வார்ப்போடு கடைக்கு வந்துவிட்டார்.

"பாருடா கோர்டி இந்தத் தோள! கோட்டு மாட்டற கட்டை மாதிரி நேரா நிக்குது. எவனாவது இப்படி வைப்பானா? கழுத்துன்னு ஒண்ணு இருக்கா? குண்டு எதைப் புடிச்சுக்கிட்டு உக்காரும்? குத்துச்சண்டைக்காரிய அளவெடுத்துத் தோட்டா செஞ்ச மாதிரி இருக்கு."

"கழுத்தில இது என்ன கோடு?" என்று கேட்டேன். வார்ப்பின் கழுத்தைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று தெரிந்தது.

"அத கேளு நாடின்! ரீமர் போட்டுக் குடையறப்ப கை நடுங்கியிருக்கு. கருவி உள்ள ஒரு கடி கடிச்சிருக்கு. காலங்காத்தால குடிச்சுட்டு லேத்துல நின்னிருக்கான் ராஸ்கல்."

அன்றைக்கு ஆரம்பித்தது. மூன்று வாரமும் இதே பேச்சு. தன்னிடமிருந்த புத்தகங்களையெல்லாம் புரட்டினார். இந்தப் பூனை எதிலும் இல்லை. ஐடஹோ, வயோமிங் என்று தெரிந்த பைத்தியங்களுக்கெல்லாம் போன் செய்தார், ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. தோட்டா சேகரிப்பவர்கள் நடத்தும் சின்ன வாரப் பத்திரிகை ஒன்றுக்கு அளவுகளை எழுதி, யாருக்காவது தெரியுமா என்று கேட்டு அனுப்பினார். அதோடு நிறுத்தினாரா? கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: "இதைச் செய்தவர் கையில் ஸ்பூனுக்கு மேல் கூர்மையான எதையும் கொடுத்திருக்கக் கூடாது." பத்திரிகைக்காரர்களுக்கு அந்த வரி பிடித்துப்போய், அதையே பெரிய எழுத்தில் தலைப்பாகப் போட்டார்கள்.

இந்த மூன்று வாரமும் அவர் மனைவி ஆர்டித் ஒருமுறை கூட மறுத்துப் பேசவில்லை. ஆர்டித் எங்கள் பள்ளிக்கூடத்துப் பேருந்து ஓட்டுகிறவள். நல்ல உயரம், அகலமான தோள். சின்ன வயதில் குண்டு எறிதலில் மாவட்டத்துக்கே முதலாவதாக வந்தவள். மெர்ல் திட்டும்போதெல்லாம் அவள் தன் கேக்கை வெட்டித் தின்றுகொண்டு, "அப்படியா? அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று கேட்பாள். அவர் இன்னும் உற்சாகமாகத் திட்டுவார்.

பெயர் தெரியாவிட்டாலும் தோட்டா செய்யலாம், அளவு இருக்கிறதே. ஆனால் கூட்டை அந்த உருவத்துக்கு நெரிக்க எஃகு அச்சு வேண்டும். புதிதாகச் செய்யச் சொன்னால் வந்து சேர வசந்தம் ஆகிவிடும், டெனிஸின் வேட்டையோ அக்டோபரில். கிட்டத்தட்டப் பொருந்துகிற அச்சு ஏதாவது இருக்குமா என்று மெர்ல் தன் நிலவறையில் இறங்கித் தேடினார். முப்பது வருஷக் குப்பை. ஒரு பெட்டியின் அடியில் எண்ணெய் ஊறிய கம்பளிக் காலுறை ஒன்று கிடைத்தது. உள்ளே ஒரு ஜோடி அச்சு. மேலே எழுத்து ஒன்றும் இல்லை. சும்மா பார்ப்போமே என்று வார்ப்பை உள்ளே விட்டார். சாவி பூட்டுக்குள் போவதுபோல் போய் உட்கார்ந்தது.

அதற்கப்புறம் நடந்ததை ஆர்டித்தே பிற்பாடு என்னிடம் சொன்னாள். சொல்லும்போது மூன்று தடவை சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மெர்ல் அச்சைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்திருக்கிறார்.

"ஆர்டித், யாரோ நம்ம வீட்டுக்குள்ள வந்திருக்காங்க."

"யாரு?"

"அந்த முட்டாளோட அச்சு நம்ம நிலவறையில இருக்கு! நான் வாங்கவே இல்ல. இது எப்படி இங்க வந்துச்சு?"

அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"நீதான் செஞ்ச."

"எதை?"

"அச்ச. ரீமர. அந்தத் துப்பாக்கியோட குழல. எல்லாத்தையும். நாம கல்யாணம் பண்றதுக்கு முந்தின குளிர்காலத்துல. நீ அப்போ மைல்ஸ் சிட்டியில லேத்துப் பட்டறையில இருந்த. அதுக்கு என் பேர வச்ச. இருபத்தாறு ஆர்டித். எனக்கு வெக்கமா போச்சு."

மெர்ல் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, தான் இருபத்தாறு ஆர்டித் என்ற தோட்டாவை நன்றாகவே நினைவில் வைத்திருப்பதாகவும், அது சாய்வான தோளும் நீளமான கழுத்தும் உள்ள மிக அழகான பொருள் என்றும், இந்தக் கோட்டுமாட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் கோபமாகச் சொன்னார்.

"உனக்கு அது சாய்வா ஞாபகம் இருக்கு," என்றாள் ஆர்டித். "எனக்கு நேராத்தான் ஞாபகம் இருக்கு. 'உன் தோள் மாதிரியே வச்சிருக்கேன்'னு சொல்லிக்கிட்டே காட்டினியே. கழுத்தும் என் கழுத்து மாதிரியாம். மூணு வாரமா காப்பிக் கடையில உக்காந்து என் தோளயும் கழுத்தையும்தான் திட்டிக்கிட்டு இருக்க."

"அந்தக் கோடு? நான் குடிக்கிறதே இல்லையே!"

"நீ குடிக்கல. நான் பட்டறைக்குள்ள வந்தேன், சிவப்புக் கோட்டு போட்டுக்கிட்டு. மெஷின் ஓடிக்கிட்டிருந்துச்சு. நீ வேலைய விட்டுட்டு என்னப் பாத்துத் திரும்பின. கர்ருனு ஒரு சத்தம். 'போச்சு'ன்ன. அப்புறமும் என்னயேதான் பாத்துக்கிட்டு இருந்த."

மெர்ல் வெகு நேரம் வார்ப்பையே திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். மூத்த மகள் பிறந்த வருஷம், தொட்டிலுக்கும் துணி துவைக்கும் மெஷினுக்கும் அந்தத் துப்பாக்கியை யாரிடமோ மாற்றிக் கொடுத்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அது அப்புறம் எத்தனை கை மாறியதோ, எந்தப் பாவி குழலை வெட்டிக் கட்டையை மாற்றினானோ.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ அடுப்படி மேசையில வார்ப்பத் தட்டி எடுத்தியே, அந்த நிமிஷமே."

"பின்ன ஏன் சொல்லல?"

"எவ்வளவு தூரம் போவேன்னு பாக்கலாம்னுதான். நீ பத்திரிகை வரைக்கும் போயிட்ட."

மறுநாள் கடைக்கு வந்த மெர்ல் வேறு ஆளாக இருந்தார். அப்போது எங்களுக்குக் காரணம் தெரியாது. காப்பியைக் கலக்கிக்கொண்டே, "யோசிச்சுப் பாத்தா, அந்தத் தோள்ல ஒரு அர்த்தம் இருக்கு," என்றார். கோர்டி காதைக் குடைந்துகொண்டார்.

"என்னடா சொல்ற? நேத்து வரைக்கும் குத்துச்சண்டைக்காரின்ன."

"குத்துச்சண்டைக்காரின்னா கேவலமா? பலமான உடம்பு. பித்தளை நீண்டு போகாம நிக்கும். அந்தக் காலத்துல இவ்வளவு தைரியமா யோசிச்சிருக்கான்னா, சின்னப் பையனா இருந்தாலும் தலையில ஏதோ இருந்திருக்கு."

"சின்னப் பையன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஊகம்," என்று சொல்லிவிட்டு மெர்ல் வேகமாகக் காப்பி குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

இனிக் கூடு செய்யும் வேலை. நெரித்த கூட்டின் தோள் முதலில் முழுசாக எழும்பாது; அந்தத் துப்பாக்கிக்குள்ளேயே வைத்து ஒருமுறை வெடித்தால்தான் பித்தளை விரிந்து அறையின் வடிவத்துக்கு வரும். அதற்குக் குண்டு தேவையில்லை. கொஞ்சம் மருந்து, மேலே கோதுமை ரவை, வாயில் மெழுகு. காலைக் கஞ்சிக்கு வைத்திருக்கும் அதே ரவைதான். எங்கள் ஊரில் இந்த வேலைக்கு எல்லோரும் அதைத்தான் போடுவார்கள். மெர்ல் கராஜ் கதவைத் திறந்து வைத்து, குழலை வெளியே நீட்டி வெடித்தார். ஒவ்வொரு வெடிக்கும் ஒரு ரவை மேகம் கிளம்பியது. அன்று காற்று எதிர்ப்பக்கம். ஆர்டித் கொடியில் காயப்போட்டிருந்த போர்வைகள், பக்கத்து வீட்டுக் கறுப்பு நாய், மெர்லின் புருவம், எல்லாம் வெள்ளை. நாய் மட்டும் நக்கிப் பார்த்துவிட்டு வேலியோரம் வந்து அடுத்த வெடிக்காகக் காத்திருந்தது.

"கஞ்சிக்கு என்ன பண்றது?" என்று ஆர்டித் சன்னலிலிருந்து கத்தினாள்.

"முட்டை பொரிச்சுடு!"

"எனக்கு என் பேர்ல இருக்கிற தோட்டாவ விடக் கஞ்சிதான் முக்கியம்!"

மெர்ல் பதறி உதட்டில் விரல் வைத்தார். வேலிக்கு அந்தப்பக்கம் யாராவது கேட்டிருப்பார்களோ என்று சுற்றும் பார்த்தார். நல்லவேளை, நாய் மட்டும்தான்.

புது உருவம் எடுத்த கூடுகள் வரிசையாக, பிடிவாதமாகத் தோளைத் தூக்கிக்கொண்டு மேசையில் நின்றன. மருந்தைக் குறைவிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு தடவையும் கூட்டின் அடியில் அழுத்தம் மிஞ்சிய அடையாளம் உண்டா என்று உற்றுப் பார்த்து, பயந்து பயந்துதான் ஏற்றினார். அந்த விஷயத்தில் மெர்ல் விளையாடமாட்டார். எல்லாம் திருப்தியான பிறகு, ஒரு சனிக்கிழமை காலை, குப்பைமேட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கும் சுடும் மைதானத்துக்கு டெனிஸை வரச்சொன்னார். வேலையில்லாததால் கோர்டியும் வந்தார். கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன். ஆர்டித் வண்டியிலேயே உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள்.

டெனிஸ் மேசையில் மணல் மூட்டை வைத்துச் சுட்டாள். மூன்று வெடி. கோர்டிதான் நடந்து போய்த் தாளை எடுத்து வந்தார். வரும்போது நடை மெதுவாகிவிட்டது. மூன்று துளையும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு பொத்தானால் மூடிவிடுகிற இடத்தில் இருந்தன.

"என் துப்பாக்கி வாழ்நாள்ல இப்படிச் சுட்டதில்ல," என்றார் கோர்டி. தொப்பியைக் கழற்றினார். "மெர்ல், நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நீ அந்த ஆளத் திட்டினது தப்புடா. இதச் செஞ்சவன் மேதை. எங்கயோ ஒரு மூலையில, யாருக்கும் தெரியாம, நீ போட்ட ஸ்பூன் வரியப் படிச்சுட்டு மனசு நொந்து கிடப்பான் பாவம். செத்திருந்தாலும் அவன் ஆத்மா…"

இத்தனை நாளும் உண்மையை மறைத்து வைத்திருந்த மெர்லால் இந்தப் புகழ்ச்சியைத் தாங்க முடியவில்லை. மூச்சை இழுத்தார், விட்டார், காது சிவந்தது.

"நான்தாண்டா அது!"

"எது?"

"அந்த மேதை! நான்! நான்தான் செஞ்சேன்! இருபத்தாறு ஆர்டித்!"

டெனிஸ் கையிலிருந்த துப்பாக்கியையும் மெர்லையும் மாறி மாறிப் பார்த்தாள். கோர்டி தொப்பியைத் திரும்ப வைத்துக்கொண்டார். முதலில் நம்பவில்லை. வண்டியின் பக்கம் திரும்பி, "ஆர்டித், இவன் சொல்றது நிஜமா?" என்று கத்தினார். அவள் பின்னலிலிருந்து தலையைத் தூக்காமலே ஆமாம் என்று ஊசியை ஆட்டினாள். அதற்கப்புறம் கோர்டி சிரித்த சிரிப்பில் நெஞ்சுவலி வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. புல்லில் உட்கார்ந்துவிட்டார். "குடிகாரன்னியே! ராஸ்கல்னியே! பத்திரிகையில போட்டியே!" என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தரையைத் தட்டினார்.

அந்த வாரம் மெர்லின் கிரேடர் வண்டி இருக்கையில், தபால் பெட்டியில், சர்ச்சில் அவர் உட்காரும் இடத்தில் எல்லாம் ஸ்பூன்கள் கிடந்தன. என் கடையிலிருந்து எத்தனை போயிற்று என்று நான் கேட்கவில்லை. பத்திரிகைக்கு அவர் திருத்தம் எழுதி அனுப்பினார். விவரங்களை நேர்மையாக எழுதிவிட்டு, முடிவில், கண்டுபிடித்தவர் உயிரோடு இருக்கிறார், நலமாக இருக்கிறார், மன்னிப்பை ஏற்றுக்கொண்டார் என்று சேர்த்திருந்தார்.

அக்டோபரில் டெனிஸ் ஒரே வெடியில் மான் அடித்தாள். நல்ல இறைச்சியாகப் பார்த்து ஒரு பங்கை ஸ்டென்ஸ்ரூட் வீட்டுக்குக் கொண்டுபோனாள். துப்பாக்கியையும் கையோடு எடுத்துப் போயிருந்தாள்.

"இது உங்களோடது மெர்ல். நீங்களே வச்சுக்கங்க. எனக்கு வேண்டியது குக்கர்தான், அதுவும் ஒழுகுது."

மெர்ல் துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்தார். ஆசை இல்லாமல் இல்லை. கை கட்டையைத் தடவிக்கொண்டே இருந்தது. ஆனால் தலையை ஆட்டிவிட்டார்.

"வேண்டாம்மா. அதுக்குப் பதிலா எங்களுக்குத் தொட்டில் வந்துச்சு. அந்தத் தொட்டில்ல மூணு பிள்ளைங்க தூங்கி வளந்துச்சு. நல்ல பேரம். நீயே சுடு, தோட்டா நான் நிரப்பித் தர்றேன். குக்கரையும் கொண்டா, வாஷர் மாத்தித் தர்றேன்."

ஆர்டித்துக்குத்தான் ஒரு குறை இருந்தது. தன் பெயருள்ள தோட்டாவை அவள் ஒருமுறை கூடச் சுட்டதில்லை. அந்தக் காலத்தில் மெர்ல் யார் கையிலும் கொடுக்கமாட்டாராம். அடுத்த கோடையில் ஒருநாள் டெனிஸே அவளைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள். ஆர்டித் தரையில் பாய் விரித்துக் குப்புறப் படுத்தாள். மெர்ல் பக்கத்தில் மண்டியிட்டு, காற்று எந்தப்பக்கம் அடிக்கிறது, மூச்சை எப்போது நிறுத்தவேண்டும், விரலை எப்படி மடக்கவேண்டும் என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டேயிருந்தார்.

"மெர்ல்," என்றாள் அவள், கண்ணைத் துப்பாக்கியிலிருந்து எடுக்காமல்.

"என்ன?"

"வாய மூடு."

மூடினார். அவள் சுட்டாள். தாளுக்கு வெகு தூரத்தில், கம்பத்துக்குக் கீழே மண் தெறித்தது. ஆர்டித் எழுந்து உட்கார்ந்து, தோளைத் தேய்த்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, இன்னொரு தோட்டாவுக்குக் கையை நீட்டினாள்.